கண்காணிப்பு வார்டில் ஒரு ஜோசியர்

காலையில் பச்சையாக இருந்த ரெங்கசாமி, நர்ஸ் தாமரை திரும்பிப் பார்ப்பதற்குள் மஞ்சளாகிவிட்டார்.

ஆள் என்னவோ வந்தபடியேதான் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் சீப்பு, நெற்றியில் திருநீறு, எழுபது வயதுக்குக் கொஞ்சம் அதிகப்படியான கறுப்பு மீசை. மாறியது சுவரில் தொங்கிய திரையில் அவருக்கென்று இருந்த கட்டம்.

கிள்ளானில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவை ஒட்டிக் கண்காணிப்பு வார்டு இருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவதா, மேல் மாடியில் சேர்ப்பதா என்று முடிவாகாதவர்களைச் சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்க்கும் இடம். மாதத் தொடக்கத்தில் அங்கே இந்தத் திரையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். நர்சுகள் கம்ப்யூட்டரில் பதிவதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். யாருக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் உடம்பு மோசமாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். பச்சை என்றால் கவலை இல்லை, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் ஓட வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வார்டில் அத்தனை பேரும் அதை ஜோசியர் என்றுதான் சொன்னார்கள்.

ஜோசியரோடு ஒரு சட்டமும் வந்து சேர்ந்தது. சிவப்பில் இருக்கும் நோயாளியை எந்த நர்சும் அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போகக்கூடாது. கட்டம் மஞ்சளுக்காவது இறங்க வேண்டும். மருத்துவமனை டைரக்டர் தன் அறையில் காப்பி குடித்துக்கொண்டே அதே திரையைப் பார்க்கிறார் என்பதால், கண்டும் காணாமல் நழுவவும் வழியில்லை.

வேறு நாளாக இருந்தால் தாமரை இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பெண் பார்ப்பது பேருக்குத்தான். பிரவினும் அவளும் மூன்று வருஷமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரவினின் அம்மாவுக்குச் சம்மதம். ஜாதகமும் பொருந்திவிட்டது. பாக்கி இருந்தது பெரியப்பா ஒருவர்தான். பிரவினின் அப்பா தவறிய பிறகு, அந்தக் குடும்பத்தில் அவர் தலையசைக்காமல் ஒரு நல்ல காரியமும் நடந்ததில்லை. அவரைப் பற்றித் தாமரை கேள்விப்பட்டதெல்லாம் பயமுறுத்தும் கதைகள். பிரவினின் அக்காவைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, பேச்சுக்கு நடுவில் போனைப் பார்த்தான் என்று வேண்டாம் என்றுவிட்டாராம். இன்னொருவன் அரை மணி நேரம் தாமதமாக வந்தான் என்று வாசலோடு அனுப்பிவிட்டாராம். பாவம், அவன் ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். அது தெரிந்த பிறகும் பெரியவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

நாலு மணி என்றால் நாலு மணி, தயவுசெய்து லேட்டாக்காதே லா என்று பிரவின் விடிந்ததும் விடியாததுமாகக் குரல் பதிவு அனுப்பியிருந்தான். ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். கொமுட்டர் ரயில் ஏறினால் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சேலை கட்ட நேரம் இருக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ரெங்கசாமி மஞ்சளாகும் வரைக்கும்.

அவர் வார்டுக்கு வந்த கதையே ஒரு தினுசு. காலையில் வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே காவலுக்கு நிற்கும் ஜாகா ராஜன் ரொம்பக் கறார். பார்வையாளர் நேரம் ஆகாமல் ஈயைக்கூட உள்ளே விடமாட்டார். யாரைப் பார்க்க வேண்டும், உடம்பு எதுவும் சரியில்லையா என்று ராஜன் அதட்டிக் கேட்டதும், பெரியவர் தடுமாறி, நெஞ்சைத் தடவிக்கொண்டு, லேசாக எரிச்சல் என்றிருக்கிறார். எழுபது வயது, அதுவும் நெஞ்சு. ராஜன் மேற்கொண்டு அவரைப் பேசவே விடவில்லை. சக்கர நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் அன்று முழுக்க அவர் நெஞ்சை நிமிர்த்தியே நின்றார்.

டாக்டர் டேரன் இளைஞர், நல்ல பிள்ளை. ஈசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், இரண்டும் சுத்தம். இருந்தாலும் நெஞ்சு என்று சொன்னவரைச் சும்மா அனுப்ப முடியாது, சாயங்காலம் இன்னொரு தடவை ரத்தம் பார்த்த பிறகுதான் விடுவேன் என்றார். அதைக் கேட்ட ரெங்கசாமியின் முகம் போன போக்கைப் பார்த்துத் தாமரைக்கே பாவமாக இருந்தது. வீட்டுக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம், பந்திங்கிலிருந்து தனியாக வந்தேன், தனியாகவே போய்க்கொள்வேன் என்றார். சட்டைப் பையில் அவர் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை அவர் எடுக்கவே இல்லை.

மஞ்சளைப் பார்த்ததும் ஒரு நல்ல நர்ஸ் என்ன செய்வாளோ, அதைத் தாமரை செய்தாள். போய் ரத்த அழுத்தம் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல். நாடித் துடிப்பும் கூடுதல். கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு, மனசு கேட்காமல் சற்று நேரத்தில் திரும்பப் போய்ப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் அடர்த்தியானது. மறுபடியும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியவர் வேறு ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊர் மிஸ்ஸி, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், இந்த வேலை கஷ்டமாக இல்லையா. படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் எல்லோரும் கேட்பதுதான். தாமரையும் வாய் பாட்டுக்குப் பதில் சொல்ல, கை பாட்டுக்கு வேலை செய்தது.

வேடிக்கை என்னவென்றால், வார்டுத் தலைவி சிஸ்டர் டொரத்தி நாடி பார்த்தால் துடிப்பு அமைதியாக இருந்தது. தாமரை கையைப் பிடித்தால் குதித்தது.

"அங்கிளுக்கு உங்க மேல என்னமோ பயம்," என்றார் டேரன்.

தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை.

சிஸ்டர் டொரத்தி அந்தக் காலத்து ஆள். ஆயிரம் மெஷின் வந்தாலும், சந்தேகமான கேஸைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வது அவர் பழக்கம். கடைசியில் கிடந்த ரெங்கசாமியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து, நர்சுகள் உட்காரும் மேசைக்கு நேர் எதிரே முதல் கட்டிலாகப் போட்டார். புதிய இடத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிய மறு நொடி ஜோசியர் சிவந்துவிட்டார்.

அவ்வளவுதான். டேரன் இன்னொரு ஈசிஜி எடுத்தார். சுத்தம். மூச்சு, சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். சிவப்பு இன்னும் கறுத்தது. டைரக்டர் போன் போட்டு முதல் கட்டிலுக்கு என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சிஸ்டர் சொல்ல, ஒன்றும் இல்லாமலா அப்படிச் சிவக்கும், விடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று வைத்துவிட்டார். விடாமல் பார்த்தார்கள். விடாமல் சிவந்தது.

நடுவில் சாப்பாட்டு நேரம் வந்தது. மருத்துவமனைக் கஞ்சியை ரெங்கசாமி மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். காலையிலிருந்து மனிதர் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு கிடந்தால் இன்னும் சிவந்து தொலைப்பாரோ என்ற பயத்தில், டேரனிடம் கேட்டுக்கொண்டு தாமரை தன் டப்பாவையே திறந்து கொடுத்தாள். புளிச் சோறும் உருளைக்கிழங்கும். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நீ சமைத்ததா என்று கேட்டார். எனக்குச் சமையல் வராது அங்கிள், வீட்டில் அப்பாதான் சமைப்பார் என்றாள். அப்படியா என்று ரொம்ப நேரம் யோசித்தார்.

இரண்டு மணி ஆயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ரெங்கசாமி தன் பொறுப்பில் இருந்ததால் தாமரை மட்டும் நின்றாள். போனில் பிரவின் "கெளம்பிட்டியா" என்று கேட்டிருந்தான். கிளம்பிவிட்டேன் என்று பொய் சொல்லவும் மனசில்லை, இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை. கடைசியில் ஆத்திரத்தோடு, ஜோசியரை மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்குப் போன் போட்டாள். மாதவி என்ற பெண் எடுத்தாள். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, அவர எத்தன தடவ செக் பண்ணீங்க?"

"எத்தனையோ தடவ. அதுதான் செவப்பா காட்டுதே."

"நீங்க செக் பண்ணதாலதான் செவப்பாச்சு அக்கா."

மாதவி விளக்கினாள். ஜோசியர் படித்ததெல்லாம் பழைய நோயாளிகளின் பதிவுகள். அவற்றில் யாருக்கு மோசமானதோ, அவர்களை நர்சுகள் அடிக்கடி போய்ப் பார்த்திருக்கிறார்கள், மேசைக்கு எதிரே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், டாக்டர் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்திருக்கிறார். ஆகவே யாரை அப்படிச் செய்தாலும் அவருக்கு மோசமாகப் போகிறது என்று அது முடிவு கட்டிக்கொள்கிறது.

"அவருக்கு என்ன நோவுன்னு அதுக்குத் தெரியாது அக்கா. நீங்க எவ்ளோ பயப்படுறீங்கன்னுதான் தெரியும். கொஞ்ச நேரம் அவர சும்மா விடுங்க, தன்னால எறங்கும்."

தாமரைக்குப் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியாமல் நன்றி சொல்லி வைத்தாள்.

சும்மா விடுவது சொல்ல எளிது. நெஞ்சில் வயர் ஒட்டியிருக்கிறது, துடிப்பை மானிட்டர் காட்டிக்கொண்டே இருக்கிறது, பயமில்லை, யாரும் கிட்டே போக வேண்டாம் என்று சிஸ்டர் டொரத்தி உத்தரவு போட்டார். டேரன் அந்தக் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். முப்பது வருஷமாக நோயாளிகளைப் பார்த்தே பழகிய சிஸ்டருக்கு மட்டும் கண் சும்மா இருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையும் இழுத்துவிட்டார்கள்.

வேலை செய்தது. சிவப்பு வெளுத்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மஞ்சள். தாமரை பையைக்கூட எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

அப்போது மானிட்டர் 'கூ' என்று ஒரே நீளமாகக் கத்தியது. அதன் திரையில் நேர்கோடு.

டேரன் ஓடினார். தாமரை பையைப் போட்டுவிட்டு ஓடினாள். சிஸ்டர் டொரத்தி கண்ணாடி இல்லாமல் ஓடி, குப்பைத் தொட்டியில் இடித்துக்கொண்டார். அவசர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து திரைச்சீலையை விலக்கினால், கட்டிலில் வயர்கள் மட்டும் கிடந்தன. ரெங்கசாமி ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, பூனை மாதிரி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வாசலில் ராஜன் இரண்டு கையையும் விரித்து மறித்தார். ஒரே நாளில் இரண்டாவது தடவையாக ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டார்.

திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். இனி பார்க்காமல் இருக்க முடியுமா? எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார்கள். ஜோசியர் அதுவரை யாரும் பார்த்திராத சிவப்பில் நின்றார்.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தாமரை கட்டில் பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஏன் அங்கிள் இப்படிப் பண்ணீங்க?"

"நீ ஏன் பிள்ள இன்னும் வீட்டுக்குப் போகல? ஒன் நேரந்தான் முடிஞ்சிடுச்சே," என்றார் அவர். குரலில் உண்மையான தவிப்பு இருந்தது.

அதற்கு மேல் தாமரையால் அடக்க முடியவில்லை. முன்பின் தெரியாத மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இன்று என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், நாலு மணிக்கு, உங்கள் கட்டம் சிவப்பாக இருக்கும் வரைக்கும் நான் போக முடியாது. மாப்பிள்ளையை மூன்று வருஷமாக எனக்குப் பிடிக்கும், அவர் இல்லாமல் எனக்கு வேறு யாரும் வேண்டாம். ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் வைத்ததுதான் சட்டம். அரை மணி நேரத் தாமதத்துக்கு ஒருத்தனை வாசலோடு அனுப்பிய மகராசன்.

ரெங்கசாமிக்குப் புரையேறியது. தாமரை தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினாள்.

"அவ்ளோ மோசமான ஆளா அந்த மனுசன்?" என்றார், மூச்சு திரும்பியதும்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவரு இங்க வந்து கெடந்து பாத்தா தெரியும் அங்கிள், நேரம் யாரு கையில இருக்குன்னு."

மானிட்டரில் ரெங்கசாமியின் துடிப்பு ஏறியது.

சிஸ்டர் டொரத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தாமரையின் தோளைத் தொட்டு, டைரக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன், கிராப் டாக்சி கூப்பிட்டு ஓடு, சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்றார். தாமரை எழுந்தாள். அப்போதுதான் பெரியவரைச் சரியாகப் பார்த்தாள். ஓடிப் பிடிபட்டதில் நெற்றியெல்லாம் வியர்வை. திருநீறு கரைந்துபோயிருந்தது. மீசைச் சாயம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

மெஷின் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காலையிலிருந்து இவரைப் பார்த்தவள் அவள். இன்னொரு தடவை எழுந்து ஓடி எங்கேயாவது விழுந்து வைத்தால்? அவளால் போக முடியவில்லை.

"இருக்கட்டும் சிஸ்டர். ரெண்டாவது ரத்தம் வரட்டும். அவர நல்லபடியா அனுப்பிட்டுப் போறேன்."

"நீ போ பிள்ள," என்றார் ரெங்கசாமி, கெஞ்சுகிற மாதிரி.

"பேசாம படுங்க அங்கிள்," என்று முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிரவினிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா இன்னிக்கு வேணாங்குறாங்க. பெரியப்பா யாரு கூப்பிட்டாலும் போன் எடுக்கல. அப்புறம் பேசுறேன்." தாமரை அதை இரண்டு தடவை படித்தாள். அந்தப் பெரியப்பாவுக்கு அதற்குள் யாரோ போட்டுக் கொடுத்திருப்பார்கள், பெண் நேரத்துக்கு வீட்டில் இல்லை என்று. துணி அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, எரிச்சல் இருக்கிறதா அங்கிள் என்று கேட்டாள்.

"எங்கேயும் இல்ல," என்றார் அவர். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. பயம் போனதும் யாரும் அவர் பக்கம் போகவில்லை. ஜோசியரும் மெல்ல மெல்ல மஞ்சளாகி, ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாகிவிட்டார்.

ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை ஓடப் பார்த்த பெரியவரைத் தனியாக அனுப்ப டேரனுக்குத் துணிவில்லை. வீட்டு ஆள் வந்து அழைத்துப் போனால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார். ரெங்கசாமி எவ்வளவோ சமாளித்துப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் சம்சாரத்தின் நம்பரைச் சொன்னார். சிஸ்டர் டொரத்தி போன் பேசி, பயப்பட ஒன்றும் இல்லை, வந்து கூட்டிப் போங்கள் என்று சொல்லி வைத்ததுதான் தாமதம், மானிட்டரில் துடிப்பு அன்று முழுக்க இல்லாத உயரத்துக்குப் போனது.

"என்ன அங்கிள், சம்சாரம்னா அவ்ளோ பயமா?" என்று டேரன் கேட்டார். ரெங்கசாமி போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவர் சம்சாரம் நல்லம்மாள் வந்து சேர நேரம் ஆகவில்லை. பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் ஒரு பெரிய பழத் தட்டு. எந்த விசேஷ வீட்டுக்கோ கிளம்பிப் பாதி வழியில் திரும்பியவர் மாதிரி இருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்த ராஜன், அந்த நடையைப் பார்த்ததும் தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்த அம்மாள் நேரே முதல் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார். அவர் நெஞ்சில் இருந்த வயர்களைப் பார்த்தார். பிறகு தாமரையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்து, சட்டையில் குத்தியிருந்த பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்து, முகம் மலர்ந்து, பழத் தட்டை அவள் கையில் வைத்தார். அதன் பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினார்.

"நம்ம பிரவினுக்குப் பேசியிருக்கிற பொண்ண வாசல்ல நின்னு ஒரு பார்வ பாத்துட்டு வாங்கன்னுதானே காலையில அனுப்புனேன், நாள் பூரா படுத்துக்கிட்டா பாக்கச் சொன்னேன்?"